அப்பா பெயரில் வரும் எஸ்.ஆர்.ஏ. பாடா: நிற்காமல் காப்பாற்றுவது எப்படி?

மும்பையில் குடிசைப்பகுதியை இடித்துப் புது வீடு கட்டித் தரும் திட்டங்களைப் பார்க்கும் குடிசை மறுவாழ்வு ஆணையம்தான் எஸ்.ஆர்.ஏ. புது ரூம் கிடைக்கும் வரை வெளியே குடியிருக்க பில்டர் தரும் வாடகைப் பணம் பாடா. கேள்வி இது: "ஆண்டாப் ஹில் பக்கம் எங்கள் சால் (வரிசை வீடுகள்) எஸ்.ஆர்.ஏ. திட்டத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ரூம் அப்பா பெயரில். இப்போது கல்யாணில் வாடகைக்கு இருக்கிறோம். மார்ச்சில் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு வந்த இரண்டு மாத செக்கை அவர் கணக்கிலேயே போட்டு ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டோம். இன்னும் எட்டு செக் கையில் இருக்கின்றன. சொசைட்டி கமிட்டிக்காரர் ஒருவர், 'ஆளே இல்லை, இனி பாடா கட், ரூமும் அபாத்ர (தகுதியில்லாதது) ஆகிவிடும்' என்கிறார். அம்மா பயந்துபோயிருக்கிறார். என்ன செய்வது?"

ரூம் போகாது. பாடாவும் போக வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் சும்மா இருந்தால், பாடா தானாகவே நின்றுவிடும் நிலையில்தான் இருக்கிறீர்கள்.

முதலில் கமிட்டிக்காரர் சொன்னதை ஒதுக்கி வையுங்கள். யாரையும் அபாத்ர ஆக்கும் அதிகாரம் கமிட்டிக்குக் கிடையாது, பில்டருக்கும் கிடையாது. யார் பாத்ர (தகுதியானவர்), யார் அபாத்ர என்பதை அனெக்ஷர் டூ என்ற குடியிருப்போர் தகுதிப் பட்டியலில் தீர்மானிப்பவர் 'சக்ஷம் பிராதிகாரி' என்று மராத்தியில் சொல்லப்படும் அரசு அதிகாரி. நிலம் மாநில அரசுடையதா, மாநகராட்சியுடையதா, மாநில வீட்டு வசதி வாரியமான ம்ஹாடாவுடையதா என்பதைப் பொறுத்து அந்த அதிகாரி யார் என்பது மாறும். பாத்ர என்று ஏறிய பெயரை எடுக்க வேண்டுமென்றால் அவர் நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, எழுத்தில் உத்தரவு போட வேண்டும். பெயருக்கு உரியவர் இறந்துபோவது அதற்குக் காரணமாகாது. அந்த உரிமை வாரிசுகளுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

பாடா நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எனக்கு மட்டும் நின்றதா, எல்லாருக்கும் நின்றதா? பக்கத்து ரூம்காரர்கள் நாலு பேருக்குப் போன் போட்டால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். உங்களுக்கு மட்டும் என்றால் கோளாறு காகிதத்தில் இருக்கிறது: பெயர், வரிசை எண், வங்கிக் கணக்கு, இந்த மூன்றில் ஒன்று. எல்லாருக்கும் என்றால் கோளாறு பில்டரின் பணப்பெட்டியில். இரண்டுக்கும் மருந்து வேறு. காகிதக் கோளாறுக்கு மோர்ச்சா (ஊர்வலம்) போவதும், பில்டர் ஏமாற்றும்போது தனி ஆளாகப் போய் மனு கொடுத்துக்கொண்டிருப்பதும் மும்பையில் அடிக்கடி நடக்கிற வீண் வேலைகள்.

உங்களுடையது காகிதம். அதை வரிசையாகச் சரிசெய்யலாம்.

அப்பாவின் ஏ.டி.எம். அட்டையை இன்றோடு நிறுத்துங்கள். இறந்தவர் கணக்கில் பணம் எடுப்பது வங்கிக்குத் தெரிந்த நாளில் கணக்கு முடங்கும். பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்தால் அந்த இரண்டு மாதப் பணம்தான் முதலில் எடுபடும். எடுத்த தொகையையும் தேதியையும் எழுதி வையுங்கள். பின்னால் வாரிசுகள் எல்லாரும் போடப்போகும் என்.ஓ.சி.யில் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதத்தில்) "இந்தத் தொகை குடும்பச் செலவுக்கு எடுக்கப்பட்டது, எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும். வங்கியில் நாமினி இருந்தால் மீதிப் பணத்தை அவரிடம் கொடுத்துக் கணக்கை மூடிவிடுவார்கள். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர் மட்டுமே, முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

அந்த எட்டு செக்குகளையும் அப்பா கணக்கில் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள். எண், தேதி, தொகை மூன்றையும் ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். அம்மா பெயரில், அதே தேதிகளுக்கு மாற்றுச் செக் கேட்டு பில்டருக்குக் கடிதம் எழுதுங்கள். மூலச் செக்கைக் கொடுக்கும்போது அந்தப் பட்டியலின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் கையை விட்டு விடக்கூடாது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் செக்கும் கொடுக்க வேண்டாம். கடிதத்தை ஜெராக்ஸோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான், 2012 ஏப்ரலிலிருந்து அப்படி. ஜூன் 5 தேதியிட்ட செக் செப்டம்பர் ஐந்தைத் தாண்டினால் வெறும் காகிதம். "கொஞ்சம் பொறுங்கள், பெயர் மாறட்டும், எல்லாம் சேர்த்துத் தருகிறோம்" என்று ஆபீஸில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு செக்காகக் காலாவதியாகும். பாக்கி அப்போதும் பாக்கிதான், ஆனால் கையில் இருந்த பிடி போய்விடும்.

அடுத்து இறப்புச் சான்றிதழ். மும்பையில் இறந்திருந்தால் மாநகராட்சி வார்டு ஆபீஸ். ஊரில் போய் இறந்திருந்தால் அந்த ஊர்ப் பதிவாளர்தான் தர வேண்டும், மும்பையில் கிடைக்காது. பெயரின் எழுத்தைச் சரிபார்த்து வாங்குங்கள். அனெக்ஷர் டூவில் 'முருகன் சுப்பையா' என்று இருந்து, சான்றிதழில் 'எஸ். முருகன்' என்று வந்தால் அதற்கே தனியாக ஒரு அஃபிடவிட் தேவைப்படும். நம் ஆட்களுக்கு இந்த இனிஷியல் தொல்லை தீராதது. மராத்தி ஆபீஸில் அப்பா பெயரை நடுப்பெயராகவும், ஊர்ப் பெயரையோ ஜாதிப் பெயரையோ குடும்பப் பெயராகவும் எழுதிவிடுவார்கள். ஆதாரில் ஒன்று, வோட்டர் லிஸ்டில் ஒன்று, வங்கியில் ஒன்று. பாடா நேரடியாகக் கணக்கில் விழும் திட்டங்களில் பணம் திரும்பிப்போவதற்கு இதுவும், புதுப்பிக்காத கே.ஒய்.சி.யும்தான் பெரும்பாலும் காரணம்.

வாரிசுச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் தாசில்தார் கொடுப்பதைப் போன்ற வாரிசுச் சான்றிதழ் இங்கே அப்படி நடைமுறையில் இல்லை. மகாராஷ்டிராவில் வாரிசுரிமைச் சான்றிதழை சிவில் கோர்ட் தருகிறது. அதற்கு ஆதாரமாக இருப்பது 1827ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குமுறை எட்டு என்ற பழைய சட்டம். திருநெல்வேலிக்கு ரயில் ஏறித் தாலுகா ஆபீஸில் வாங்கிவந்த தாளை இங்கே துணை ஆவணமாக வைக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. குடும்பத்தில் தகராறு இல்லையென்றால் பாடாவை அம்மா பெயருக்கு மாற்ற வழக்கமாகக் கேட்பது இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளையும் குறிப்பிடும் நோட்டரி அஃபிடவிட், மற்ற வாரிசுகளின் என்.ஓ.சி., ஆதார், பழைய ரூம் பத்திரங்கள். தகராறு இருந்தால்தான் கோர்ட். அந்த வழி மாதக்கணக்கில் போகும், அதனால் வீட்டுக்குள்ளேயே பேசி முடிப்பதே லாபம்.

என்.ஓ.சி.யில் யாரெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்துக் குடும்பமானால் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். கல்யாணமாகிப் போன அக்காவை விட்டுவிடக்கூடாது. ஊரில் பாட்டி உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். பாட்டியை மறக்காத குடும்பம் அபூர்வம். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பத்தில் அவர்களுடைய சட்டப்படி பங்கு வேறுபடும். யாராக இருந்தாலும் பங்குக்காரர் அத்தனை பேரும் ஒரே தாளில் வந்துவிட்டால் ஆபீஸில் மறு கேள்வி குறையும்.

இப்போது விண்ணப்பம். ஒரே கடிதம், ஒரே தேதி, மூன்று இடம்: சொசைட்டி, பில்டர், எஸ்.ஆர்.ஏ. எஸ்.ஆர்.ஏ. தலைமை அலுவலகம் பாந்திரா கிழக்கில் அனந்த் காணேகர் மார்க்கில் இருக்கிறது. சொசைட்டி சம்பந்தமான விஷயங்களைப் பார்ப்பவர் அங்கே இருக்கும் சகாயக் நிபந்தக், அதாவது உதவிப் பதிவாளர். கடிதத்தில் சொசைட்டியின் முழுப் பெயர், ரூம் எண், அனெக்ஷர் டூ வரிசை எண், அப்பா பெயர் அதில் உள்ளபடியே, இறந்த தேதி, இனி பாடா யார் பெயரில் எந்தக் கணக்கில் வர வேண்டும் என்பது, இவ்வளவு போதும். அப்பா எப்படிப்பட்டவர், குடும்பம் என்ன கஷ்டத்தில் இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினால் வரிசை எண் அதற்குள் தொலைந்துவிடும். ஆவக் கவுண்டரில் (தபால் வரவு பதியும் இடத்தில்) கொடுத்து, நகலில் ஆவக் எண்ணும் தேதியும் விழுகிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள். அந்த எண் இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம். பாடா பெறுவோர் பட்டியலில் பெயர் மாறுவது ஒன்று, அனெக்ஷர் டூவில் வாரிசுப் பெயர் ஏறுவது வேறொன்று; இரண்டாவதையும் சக்ஷம் பிராதிகாரியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். லாட்டரியில் ரூம் எண் குலுக்கும் நேரத்தில் ஓட வேண்டியிருக்காது.

முப்பது நாற்பது நாளில் பதில் இல்லையென்றால் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. மகாராஷ்டிராவில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். "ஏன் இன்னும் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஆவக் எண்ணுள்ள மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல், கோப்புக் குறிப்புகளின் நகல்" என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அதே ஆபீஸில் முதல் மேல்முறையீடு.

இதெல்லாம் உங்களுக்கு. ஆனால் இரண்டு வருஷம் முடிந்த திட்டம் என்கிறீர்கள். அடுத்து வரக்கூடியது எல்லாருக்கும் பாடா நிற்கும் நிலை. அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பாடா என்பது அரசு தன் கஜானாவிலிருந்து கொடுக்கும் உதவித்தொகை அல்ல. அரசு வகுத்த திட்டத்தின் நிபந்தனைப்படி பில்டர் கொடுக்க வேண்டியது. அதே இடத்தில் பில்டர் வெளியாருக்கு விற்கக் கட்டும் சேல் பில்டிங்கில் ஃபிளாட் விற்காவிட்டால், கடன் கிடைக்காவிட்டால், பங்காளிகளுக்குள் சண்டை வந்தால், முதலில் வெட்டுப்படுவது இந்தப் பாடாதான். குடிசைவாசிகள் பலர் காலி செய்துவிட்டுப் பாடாவும் இல்லாமல் ரூமும் இல்லாமல் தவித்த விவகாரம் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போனது. அதையடுத்து 2023 ஆகஸ்டில் எஸ்.ஆர்.ஏ. 210ஆம் எண் சுற்றறிக்கை போட்டது: பில்டர் இரண்டு வருட பாடாவை முன்கூட்டியே எஸ்.ஆர்.ஏ.விடம் கட்ட வேண்டும், மூன்றாவது வருடத்துக்குப் பின்தேதியிட்ட செக்குகள் கொடுக்க வேண்டும். ஆகவே புதிய திட்டங்களில் ஆபத்து பெரும்பாலும் மூன்றாம் வருடத்தில்தான் தலைகாட்டும். அதற்கு முந்தைய திட்டங்களில் எப்போது வேண்டுமானாலும்.

செக் திரும்பினால் காலக்கெடு கறாரானது. பணம் போதவில்லை என்றாலும், ஸ்டாப் பேமெண்ட் என்றாலும், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வரும். வங்கியின் மெமோ கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ். அது பில்டருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார். நீங்கள் எந்தக் கிளையில் கணக்கு வைத்துச் செக்கைப் போடுகிறீர்களோ அந்தப் பகுதிக் கோர்ட்டில்தான் வழக்கு. அம்மா கணக்கைக் கல்யாணில் தொடங்கினால் வழக்கும் கல்யாணில், சயானில் தொடங்கினால் மும்பையில். கணக்குத் தொடங்கும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள். "செக்கைப் போடாதீங்க, அடுத்த மாசம் கேஷா தர்றேன்" என்ற பேச்சுக்கு மட்டும் மயங்கக்கூடாது. பேங்கில் போடாத செக்குக்கு மெமோ கிடையாது, மெமோ இல்லாமல் 138 கிடையாது.

கூட்டாகச் செய்ய வேண்டியது வேறு. ரூம் எண், பெயர், எந்த மாதத்திலிருந்து நின்றது, மாதத் தொகை, மொத்தப் பாக்கி என்று ஒரே பட்டியல். மாதம் 15,000 ரூபாய் வீதம் ஏழு மாதம் நின்றிருந்தால் ஒரு ரூமுக்கு 1,05,000. நூறு ரூமுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம். அந்தக் கடைசி எண் ஒன்றுதான் ஆபீஸில் தலையை நிமிர வைக்கும். பட்டியலோடு ஒவ்வொருவரின் பாஸ்புக் நகல். சகாயக் நிபந்தக்கிடம் பாடா வசூலைக் கேளுங்கள், கூடவே சேல் பில்டிங் வேலைக்குத் தடை கேளுங்கள். பில்டருக்கு வலிக்கிற இடம் அது. அதற்கும் அசையாவிட்டால், 1971ஆம் வருட ஸ்லம் (குடிசைப்பகுதி) சட்டத்தின் 13(2) பிரிவில் பில்டரை மாற்றக் கோரலாம். இது பெரிய முடிவு. புது பில்டர் வரும்வரை பாடாவே இல்லாமல் இருக்க நேரலாம். ஜெனரல் பாடியில் (எல்லா உறுப்பினர்களின் கூட்டத்தில்) பேசித் தீர்மானிக்காமல் கமிட்டி மட்டும் கையெழுத்துப் போட விடாதீர்கள். புது பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில் பழைய பாக்கியை யார், எந்தத் தேதிக்குள் கட்டுவது என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் விட்டவர்கள் பழையவரிடம் போனால் புதியவரைக் காட்டுவார், புதியவர் பழையவரைக் காட்டுவார். 2025இல் சட்டத்தில் செய்த திருத்தத்தால் பாடா பாக்கியை நிலவரி பாக்கி போலவே வசூலிக்கவும் வழி வந்திருக்கிறது. மனுவில் அதையும் கேட்டு எழுதுங்கள். ரியல் எஸ்டேட் புகார்களைப் பார்க்கும் மஹாரேராவுக்கு ஓட வேண்டாம், அது சேல் ஃபிளாட் வாங்கியவர்களுக்கான வாசல்.

இன்னும் காலி செய்யாத உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு: சாவியைக் கொடுப்பதற்கு முன் தனி ஒப்பந்தத்தில் பாடா தொடங்கும் தேதி, மாதத் தொகை, வருடா வருடம் எவ்வளவு கூடும், 11 மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறும்போது புரோக்கரேஜும் வண்டிக்கூலியும் யார் தருவது என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, எது வரைக்கும் என்பதைப் பாருங்கள். "24 மாதம் வரை" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்; "ஓ.சி. வாங்கி ரூம் ஒப்படைக்கும் வரை" என்று இருக்க வேண்டும். ஓ.சி. என்பது கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ். மறுபக்கம், ஓ.சி. வந்து ரூம் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கூப்பிட்ட பிறகு, மாடி பிடிக்கவில்லை என்று போகாமல் இருந்தால் அந்த நாளோடு பாடா நிற்பதும் வழக்கம். அதேபோல், சேர மாட்டேன் என்று வீட்டைப் பூட்டி உட்கார்ந்திருப்பதும் பலன் தராது. இப்போது 51 சதவீத சம்மதம் போதும். மீதிப் பேரை ஸ்லம் சட்டத்தின் 33, 38 பிரிவு நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றலாம். நோட்டீஸ் வந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பதில் கொடுங்கள், கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் வந்ததாகத்தான் கணக்கு.

பாத்ர நிலையையே இழக்கிற வழிகள் உண்டு. கணவன் பெயரில் இங்கே ஒன்று, மனைவி பெயரில் குர்லாவில் ஒன்று என்று இரண்டு எஸ்.ஆர்.ஏ. ரூம் வைத்திருப்பது. சர்வேயில் கைரேகையும் ஆதாரும் எடுக்கும் காலத்தில் இது மறையாது. அடுத்தது, ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு, மீதிச் செக்குகளோடு ரூமையும் பவர் ஆஃப் அட்டர்னி போட்டு விற்பது. காகிதத்தில் உங்கள் பெயர், கையில் வேறொருவர் சாவி. பின்னால் ரூம் கிடைத்த பிறகும் குறிப்பிட்ட வருடங்களுக்கு விற்கத் தடை இருப்பதால் இரண்டு பேருமே மாட்டுவீர்கள். கல்யாண் முகவரிக்கு ஆதாரையும் ரேஷன் கார்டையும் மாற்றுவதில் தவறில்லை. மாற்றுவதற்கு முன் பழைய முகவரி உள்ள ஒவ்வொன்றையும் நகல் எடுத்து வையுங்கள். 2000 ஜனவரி 1க்கு முந்தைய வோட்டர் லிஸ்ட் பக்கம், பழைய கரண்ட் பில், போட்டோ பாஸ் (குடிசைவாசி அடையாள அட்டை), சர்வே பாவ்தி (ரசீது), இவற்றின் மூலத்தை லேமினேஷன் கூடப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். 2000க்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு ரூம் இலவசம் இல்லை, இரண்டரை லட்சம் கட்ட வேண்டும் என்பதால் அந்த ஒரு பழைய தாளின் விலை அவ்வளவு.

தாராவியில் சொந்தக்காரர்கள் இருந்தால் இந்தக் கணக்கை அங்கே அப்படியே பொருத்தாதீர்கள். அங்கே தனித் திட்டம், தனி விதிகள். தரைத்தளத்துப் பழைய குடும்பத்துக்கு 350 சதுர அடி, மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே வாடகைமுறை வீடு. மற்ற எஸ்.ஆர்.ஏ. திட்டங்களில் மாடிக்குத் தனியாகப் பாடா கேட்கவே முடியாது.

கல்யாண் வீட்டின் லீவ் அண்ட் லைசென்ஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாமல் விட்டு, பின்னால் தகராறு வந்தால் குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே உண்மை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய அக்ரிமெண்ட்டில் அப்பா பெயர் இருந்தால் அடுத்த 11 மாதத்துக்கு அம்மா பெயரில் எழுதுங்கள்.

மாற்றுச் செக் வரும்போது பில்டர் ஆபீஸில் "டி.டி.எஸ். பத்து சதவீதம் கழித்துத்தான்" என்று சொல்லக்கூடும். வீட்டை விட்டு வெளியே இருப்பதற்காகக் கொடுக்கும் இந்தப் பாடா வருமானம் ஆகாது, இதில் டி.டி.எஸ். பிடிக்கத் தேவையில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அதைச் சொல்லி முழுத்தொகை கேளுங்கள். அப்பா காலத்தில் ஏற்கெனவே பிடித்திருந்தால் அவருடைய பான் எண்ணில் பிடித்த வரி பதிவாகும் 26 ஏ.எஸ். படிவத்தைப் பாருங்கள். தொகை அங்கே ஏறியிருந்தால் வாரிசு என்ற முறையில் அம்மா கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம். ஏறியிருக்காவிட்டால் பிடித்த பணம் பில்டரிடமே இருக்கிறது, அதையும் பாக்கிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.